கை சிங்கப்பூரில், நிலம் ஓட்டப்பிடாரத்தில்

ஓட்டப்பிடாரத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசல். பட்டா அண்ணன் பெயரில்; அண்ணன் சிங்கப்பூரில். நிலத்தை விற்க சார்பதிவாளர் முன்னால் வந்து நின்று கையெழுத்தும் கைரேகையும் வைக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை, தங்கைக்குப் பவர் எழுதி அனுப்புகிறார். ஊருக்கு நாலு வீட்டில் இந்தக் கதை உண்டு.

அந்தப் பவர் பத்திரம் இங்கே செல்லுபடியாகும் விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை. பத்திர ஆபீஸில் இருப்பவர் அண்ணன் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் இருந்தவரையும் தெரியாது. பிறகு எதை நம்பி ஏற்கிறார்?

வெளிநாட்டில் வசிப்பவர் நோட்டரி, நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி போன்ற ஒருவர் முன்னிலையில் பவரில் கையெழுத்திட்டு, அவரிடம் சான்றும் பெற வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவு. தூதரகத்துக்கே போய்விட்டால் சுருக்கம். அது நம் அரசின் முத்திரை. அந்நாட்டு நோட்டரியிடம் போனால், அவர் நோட்டரிதான் என்று யார் சொல்வது? அந்நாட்டு வெளியுறவுத் துறை சொல்லும். அந்தத் துறையின் முத்திரை மெய்தான் என்று நம் தூதரகம் சொல்லும். அமீரகத்து நோட்டரி காகிதங்களுக்கு இன்றும் இந்த ஏணிதான்.

ஏணியை ஒரே படியாக்கியது 1961 அக்டோபர் 5-ல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை. இந்தியாவில் அது 2005 ஜூலை 14-லும் சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16-லும் நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த அப்போஸ்டில் என்ற சான்று, பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம். உள்ளே எண்ணிட்ட 10 விவரங்கள். எந்த நாட்டில் கொடுத்தாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில்தான். எட்டாவதாக ஒரு வரிசை எண் இருக்கும், உயிர்நாடி அதுதான். சான்று கொடுத்த அலுவலகம் அந்த எண்ணைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இங்கிருந்தே கேட்டு ஒப்பிடலாம்.

ஆனால் அந்தச் சதுரம் சொல்வது மூன்றுதான்: கையெழுத்து இன்னாருடையது, அவர் இந்தப் பொறுப்பில் இருப்பவர், முத்திரை இன்னாருடையது. பத்திரத்துக்குள் இரண்டு ஏக்கர் இருபது ஏக்கராக மாறியிருந்தாலும் அதே முத்திரைதான் விழும். வாட்ஸப்பில் வந்த வரைவை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள்.

ஒருவர் கையெழுத்துக்கு இன்னொருவர் சாட்சி சொல்லும் இந்த ஏற்பாடு நம் கல்வெட்டுகளிலும் உண்டு. எழுதத் தெரியாதவர் ஒரு குறி இடுவார். அது இன்னார் இட்ட குறி என்று எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் பதிவு செய்வார். தன் குறி, தற்குறி. எவ்வளவு கண்ணியமான சொல்! அதை இன்று வசையாக்கிவிட்டோமே என்று எனக்கு வருத்தம். நோட்டரி செய்வது, குறிக்குப் பக்கத்தில் எழுதியவர் செய்த அதே வேலை.

பவர் பத்திரம் தபாலில் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்; வந்த நாளுக்கு உறைமேல் உள்ள தேதிதான் சாட்சி. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே செத்துவிடும். அதனால் கிரயத்தன்று, அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் தங்கை கையில் இருக்க வேண்டும். அதற்கு அங்கே ஒருவர் அவரை மறுபடி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.