கண்ணாடி முன் பொருந்தும் சைக்கிள் ஜாக்கெட் கணவாயில் பொருந்துமா?

லடாக்கின் லே நகருக்குக் கோடையில் செல்லும் சுற்றுலாப் பயணிகளிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. வாடகை சைக்கிள்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு கர்துங் லா கணவாய்க்குச் செல்கின்றனர். அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவை இறங்குமுகமாக ஓட்டி நகருக்குத் திரும்புகின்றனர். கணவாயின் உயரம் 5,359 மீட்டர். (அங்கு நெடுங்காலம் இருந்த பலகை இதைவிட அதிகமாகக் காட்டியது என்பது தனிக்கதை.) லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. வழியெங்கும் மிதிக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. பிரேக் பிடிக்க வேண்டிய தேவையோ மிக அதிகம்.

இத்தகைய பயணத்தில் குளிருக்கும் உடலுக்கும் இடையே நிற்பது ஜாக்கெட் மட்டுமே. அதன் விலை என்ன, துணி எத்தகையது, மழைநீர் புகுமா என்றெல்லாம் விசாரிப்போர், அது உடலில் எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கடைக் கண்ணாடியின் முன் நிமிர்ந்து நின்று ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடுகின்றனர். ஆனால், சைக்கிள் ஓட்டும்போது முதுகு வளைகிறது, கைகள் முன்னே நீள்கின்றன. குனிந்த உடலுக்கான ஆடையை நிமிர்ந்த உடலில் அளந்து பார்த்தால் தவறான முடிவுக்கே வர நேரிடும்.

விரல்கள் மரத்துப்போனால்...

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதன்படி, லேயில் இதமான வெயில் அடிக்கும் வேளையிலும் கர்துங் லாவில் சுமார் 12 டிகிரி குறைவாக இருக்கும். இதனுடன் வேகத்தால் எழும் காற்றும் சேர்கிறது. வானிலைத் துறைகள் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரத்தின்படி, 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று படும்போது, உடல் ஏறத்தாழ மைனஸ் 1 டிகிரி குளிரை உணர்கிறது. உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இக்கணக்கு அங்கே முழுமையாகப் பொருந்தாது. எனினும், எந்தத் திசையில் ஆபத்து இருக்கிறது என்பதை அது உணர்த்திவிடுகிறது.

மிதித்தபடியே ஏறி வந்தவர்களின் நிலை வேறு. மிதிப்பதற்காக உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சைக்கிளை நகர்த்துகிறது. எஞ்சியது வெப்பமாக மாறுகிறது. ஆகவே ஏற்றத்தில் வியர்வை பெருகுகிறது. உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கியதும் அந்த வெப்ப ஊற்று நின்றுவிடும். நனைந்த உள்ளாடை மட்டும் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அசைவற்ற காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் அதிகமான வேகத்தில் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. நடுக்கம் தோள்களில் தொடங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. வளைவில் பிரேக்கை இழுக்க வேண்டிய விரல்கள் இழுக்க மறுத்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1988 ஜூன் 5 அன்று, ‘ஜிரோ டி இத்தாலியா’ பந்தயம் 2,600 மீட்டருக்கும் உயரமான காவியா கணவாயைக் கடந்தபோது பனி கொட்டியது. நெதர்லாந்து வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையுடன் முதலாவதாக உச்சியை அடைந்தார். இறக்கத்தில் குளிர் அவரை முடக்கிப்போட்டது. அன்றைய நாளின் முடிவில் அவர் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். குளிருக்கு முன்கூட்டியே ஆயத்தமாக வந்திருந்த அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முன்னிலை பெற்று, பின்னர் அந்தப் பந்தயத் தொடரையே வென்றார். ஏறும்போது முந்தியவர், இறங்கும்போது உடுத்தியிருந்த உடையால் தோற்றார் எனலாம்.

குனிந்து பார்த்தால் தெரியும்

வளைந்த கைப்பிடி கொண்ட பந்தய வகை சைக்கிளில் அமரும்போது முதுகுப்புறம் நீள்கிறது, வயிற்றுப்புறம் சுருங்குகிறது. சாதாரண ஜாக்கெட்டில் அப்போது பின்பகுதி மேலேறி இடுப்பு வெளியே தெரியும். சட்டைக் கை மணிக்கட்டைவிட்டு முழங்கை நோக்கி ஏறும். முன்பகுதி மடிந்து பை போலத் தொங்கும். அந்தப் பைக்குள் காற்று புகுந்து படபடக்கும். சக்கர மண்ணும் நீரும் முதலில் தாக்கும் இடம் இடுப்பின் பின்புறமே.

இதனால்தான் சைக்கிளுக்கெனத் தைக்கப்படும் ஜாக்கெட்டின் முன்புறம் குட்டையாகவும் பின்புறம் வால்போல் நீண்டும் இருக்கும். கைகள் வழக்கத்தைவிட நீளமாக, முழங்கையில் சற்றே வளைந்தபடி வெட்டப்பட்டிருக்கும். நின்று பார்த்தால் இது விநோதமாகத் தோன்றும்: பின்புறம் தொங்குகிறது, கை உள்ளங்கையை மூடுகிறது, மார்பில் சற்று இறுக்கமாக உள்ளது. பலர் இதைக் குறையெனக் கருதித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓர் அளவு பெரியதை வாங்குவது வழக்கமான தவறு.

கடையில் சைக்கிள் இருந்தால் அதில் அமர்ந்து பார்ப்பதே சிறந்தது. இல்லையெனில், மேசை விளிம்பில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றாலே போதும். பயணத்தில் உள்ளே அணியும் உடைகளை அணிந்துகொண்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டே பார்க்க வேண்டும். அந்நிலையில் பின்விளிம்பு இடுப்பை முழுவதும் மூடியிருக்க வேண்டும். கையின் நுனி கையுறையின்மேல் படிந்திருக்க வேண்டும். கைகளை மேலும் முன்னே நீட்டும்போது முதுகுத் தையல் இழுபட்டால் ஜாக்கெட் சிறியது. தலையை உயர்த்திச் சாலையைப் பார்க்கும்போது காலர் தலைக்கவசத்தில் இடித்தால் அதுவும் பொருந்தாது. மூடிய காலருக்குள் இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு இடம் இருக்கலாம்; அதற்குமேல் இருந்தால் குளிர்காற்று மார்புக்குள் இறங்கும்.

தளர்வாக இருந்தால் உடல் வெப்பம் கூடும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஓரிடத்தில் நிற்பவருக்கு அது ஓரளவு உண்மை. உடலைக் கதகதப்பாக வைப்பது துணியைவிட, துணியடுக்குகளுக்கு இடையே அசையாமல் தேங்கி நிற்கும் காற்றுதான். ஓடும் சைக்கிளில் படபடக்கும் துணியோ, கொல்லன் துருத்தியைப் போல் அந்தக் காற்றை வெளியேற்றிக் குளிர்காற்றை உள்ளே இழுக்கிறது. மிதமிஞ்சிய இறுக்கமும் கெடுதலே. பஞ்சடைத்த ஜாக்கெட் அழுத்தப்பட்டால் தேங்கும் காற்று குறைந்துவிடும். மணிக்கட்டில் இறுகும் எலாஸ்டிக் விரல்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மரத்துப்போகும் விரல்களின் ஆபத்து முன்பே கூறப்பட்டது.

சட்டையின் பின்புறப் பைகளில் உணவு, பம்பு, மாற்றுக் குழாய் ஆகியவற்றை வைத்துக்கொள்பவர்கள், அவற்றை நிரப்பிக்கொண்டே ஜாக்கெட்டை அணிந்து பார்ப்பது நல்லது. பலரும் மறந்துவிடும் சோதனை இது.

அளவுச் சீட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

‘எம்’, ‘எல்’ என்ற எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை இல்லை. ஐரோப்பியப் பந்தய உடையின் ‘எல்’, இந்தியக் கடைவீதியின் ‘எல்’லைவிடக் குறுகலாக இருப்பது இயல்பு. இந்தியர்களின் உடலமைப்புக்கெனத் தனி அளவு முறை வகுக்க, தேசிய ஆடை வடிவமைப்பு தொழில்நுட்பக் கழகம் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தை மேற்கொண்டது. ஆறு நகரங்களில் 25,000-க்கும் மேற்பட்டோரை முப்பரிமாணக் கருவிகளால் அளப்பது அதன் இலக்கு. கடைகளில் அத்தகைய பொது அளவு நடைமுறைக்கு வரும்வரை, இணையவழியில் வாங்குவோர் அளவு நாடாவை எடுப்பதே வழி. மார்புச் சுற்றளவுடன், பின்கழுத்து எலும்பிலிருந்து தோள்வழியே மணிக்கட்டுவரையிலான நீளத்தை முழங்கையை மடக்கிய நிலையில் அளந்து, நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

பெண்கள் ஆண்களுக்கான வெட்டில் சிறிய அளவை வாங்கிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர்கள் சிலர் கூறுவதுண்டு. தோளுக்குச் சரியாகும் அந்த ஜாக்கெட் பெரும்பாலும் இடுப்பில் இறுகி, மிதிக்க மிதிக்க மேலேறிவிடும். கீழிருந்தும் திறக்கக்கூடிய இருவழி ஜிப் இதை ஓரளவு சமாளிக்கும், தீர்வு ஆகாது.

சமவெளியின் குளிரும் மழையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் சைக்கிள் இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவாய்களுக்குச் செல்பவர்கள் அல்லர். ஜனவரி மூடுபனியில் தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வேலைக்கோ பால் விநியோகத்துக்கோ செல்பவர்கள். அவர்கள் ஓட்டும் உயரமான கைப்பிடி கொண்ட சைக்கிளில் முதுகு ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கும். எனவே, பந்தய ஜாக்கெட் அவர்களுக்குத் தேவையில்லை. சாதாரண ஜாக்கெட்டே நன்கு பொருந்தும். அவர்களுக்கு எதிரி, கம்பளி ஸ்வெட்டரின் கண்ணிகள் வழியே நுழையும் காற்று. ஸ்வெட்டருக்குமேல் காற்றுப்புகாத மெல்லிய மேலுறை ஒன்று இருந்தால் அந்தக் குளிர் பெருமளவு அடங்கும். பழைய செய்தித்தாளை மார்பில் செருகிக்கொள்ளும் உத்தியும் பயன் தருவதே. ஐரோப்பியப் பந்தய வீரர்களும் மலையுச்சிகளில் அதைத்தான் செய்தனர். தொங்கும் சால்வையும் நீண்ட மப்ளரும் மட்டும் சக்கரத்தில் சிக்கக்கூடியவை.

பருவமழைக்கு வேறு கணக்கு. மும்பையிலோ கொங்கணிலோ ஜூலை மாதத்தில் ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும். வியர்வையை வெளியேற்றும் என விற்கப்படும் விலையுயர்ந்த ஜாக்கெட்டுகள், வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது சரிவர வேலை செய்வதில்லை. வெளியே மழையிலும் உள்ளே வியர்வையிலும் நனைவதே மிச்சம். அங்கு அக்குளிலும் முதுகிலும் காற்றுத் திறப்புகள் உள்ள, சற்றுத் தளர்வான எளிய மழைச்சட்டையே போதுமானது. குறுந்தொலைவு செல்பவர் மாற்றுடையைப் பையில் வைத்துக்கொண்டு நனைந்தே செல்வதிலும் தவறில்லை.

இரவில் ஓட்டுவோர் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளின் இடத்தையும் கவனிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் முதுகில் பளிச்சிடும் பட்டை, குனிந்ததும் வானத்தைப் பார்க்கும். முதுகுப்பை மாட்டினால் முற்றிலும் மறையும். பட்டை ஜாக்கெட்டின் பின்வாலில் இருந்தால்தான் பின்னே வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் படும். 200 கி.மீ. முதல் 600 கி.மீ. வரையிலான ‘பிரெவே’ நெடுந்தூரப் பயணங்களில் இரவில் பிரதிபலிப்பு மேலங்கி கட்டாயம் என்பதால், அதை ஜாக்கெட்டின்மேல் அணிந்து, சைக்கிளில் அமர்ந்த நிலையில் வேறொருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்வது வழக்கமாகியுள்ளது.