தெளிவாக இருக்கும் இன்சுலின்கள் எல்லாம் ஒன்றல்ல

நீரிழிவு நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களில் பலர், தெளிந்த இன்சுலினையும் கலங்கலான இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் எடுத்துப் பழகியவர்கள். மருத்துவர் கிளார்ஜின் இன்சுலினுக்கு மாற்றிய பின் அப்பழக்கத்தைத் தொடரக் கூடாது. காரணம், அம்மருந்தின் வேதியியலில் உள்ளது.

மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். கிளார்ஜினில் அவற்றுள் ஒன்று மாற்றப்பட்டு, ஒரு சங்கிலியின் நுனியில் இரண்டு ஆர்ஜினின்கள் சேர்க்கப்பட்டுள்ளன. இதனால் அது அமிலத்தன்மையுள்ள கரைசலில்தான் நன்கு கரையும். குப்பியில் இருப்பது அத்தகைய கரைசலே. எனவே தெளிவாகத் தெரிகிறது. தோலுக்கு அடியில் சென்றதும் அமிலத்தன்மை நீங்கி, மருந்து நுண்துகள்களாகப் படிகிறது. அவை சிறிது சிறிதாகக் கரைந்து ஏறக்குறைய 24 மணி நேரம் இரத்தத்தில் சேர்கின்றன. வேறு இன்சுலினுடன் கலந்தால் இந்தப் படிதல் சிரிஞ்சுக்குள்ளேயே நிகழ்ந்துவிடலாம். பிறகு எந்த மருந்து எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்று கணிக்க இயலாது. ஆகவே தனித்தனி ஊசியாகவே போட வேண்டும். கிளார்ஜின் குப்பியில் கலங்கலோ துகளோ தெரிந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். என்.பி.எச். இன்சுலினுக்கு இவ்விதி பொருந்தாது. அது இயல்பிலேயே பால்போல் இருக்கும்.

பின்னர் வந்த டெக்ளுடெக்கில் 16 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலம் இணைக்கப்பட்டுள்ளது. அதன் மூலக்கூறுகள் தோலுக்கு அடியில் நீண்ட கோவையாகச் சேர்ந்து, நுனியிலிருந்து மெல்லப் பிரிகின்றன. செயல்பாடு 42 மணி நேரத்தையும் கடந்து நீடிக்கும். அளவை மாற்றினால் முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாட்கள் ஆகும். மறுநாளே சர்க்கரை குறையவில்லை என்று தாமாக அளவைக் கூட்டுவது ஆபத்தானது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அனுமதித்த ஐகோடெக், இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு தங்குவதால் வாரம் ஒருமுறை போதும். அதை நாள்தோறும் போடுவது பெரும் தவறாகிவிடும்.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தெரிந்து, சர்க்கரை அளவு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால், 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அளவு சீரானாலும் கவனிப்பை விட வேண்டாம். தோலுக்கு அடியிலோ இரத்தத்திலோ மருந்து இன்னும் மீதமிருப்பதால் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் போட்டுக்கொண்ட இன்சுலின் குப்பியையோ பேனாவையோ உடன் எடுத்துச் செல்லுங்கள்.