‘இலவசம்’ என்ற சொல்லின் விலை என்ன? கைப்பேசி இணையச் சலுகை விளம்பரங்கள் குறித்துச் சட்டம் கூறுவது என்ன?

திருவனந்தபுரம்: ஓணம் பண்டிகைக் காலம் கேரளத்தில் சலுகை விளம்பரங்களின் காலமும் ஆகும். புடவை முதல் தொலைக்காட்சிப் பெட்டி வரை தள்ளுபடி அறிவிக்கப்படும் அந்த வாரங்களில், கைப்பேசி இணையச் சேவைக்கான விளம்பரங்களும் அணிவகுக்கின்றன. ரீசார்ஜ் செய்தால் ஓடிடி சந்தா இலவசம், ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்தால் ரவுட்டர் இலவசம் என்பன போன்ற வாசகங்கள் அவற்றில் வழக்கமாக இடம்பெறுகின்றன.

ஒரு கட்டணத் திட்டத்துடன் பிணைக்கப்பட்ட பொருளையோ சேவையையோ ‘இலவசம்’ என்று விளம்பரப்படுத்துவது நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதாகுமா என்ற கேள்வி நெடுங்காலமாகவே எழுப்பப்பட்டு வருகிறது.

இதற்கு இந்தியச் சட்டம் அளிக்கும் விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரே சொல்லில் முடிவதில்லை. நிபந்தனையுடன் இலவசம் வழங்குவதைச் சட்டம் தடை செய்யவில்லை. அந்த இலவசத்தின் விலை வேறொரு கட்டணத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா, வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய மொத்தப் பொறுப்பு விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்டதா ஆகிய இரண்டு கேள்விகளுக்கான பதில்களே அதைத் தீர்மானிக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. பரிவர்த்தனையின் மொத்தத் தொகையில் முழுமையாகவோ பகுதியாகவோ விலை வசூலிக்கப்படும் ஒரு பொருளை, இலவசமாக வழங்கப்படுவது போன்ற தோற்றத்தை ஏற்படுத்தி அளிப்பதும் அப்பட்டியலில் உள்ளது. இதே கருத்து 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது.

முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும், நியாயமற்ற வணிக நடைமுறைக்கு ஒப்பான வாக்குறுதியை வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அளிக்கும் விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் என அச்சட்டம் வரையறுக்கிறது.

இந்த வரையறைக்கு மேலும் தெளிவு அளிக்கும் வகையில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இலவச அறிவிப்புகளுக்கென்றே அதில் தனிப்பிரிவு உள்ளது. அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

விளம்பரத்திற்குப் பதிலளிப்பதற்கான தவிர்க்க முடியாத செலவு, பொருளைப் பெறுவதற்கான அல்லது கொண்டு சேர்ப்பதற்கான செலவு ஆகியவற்றைத் தவிர வேறு தொகை செலுத்த வேண்டியிருந்தால், அப்பொருளை ‘இலவசம்’ என்று கூறக் கூடாது.

சலுகையைப் பெற வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய கடப்பாடு எவ்வளவு என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

இலவசத்தைப் பெறுவதற்காக வாங்க வேண்டிய பொருளின் விலையை அச்சலுகைக்காக உயர்த்தக் கூடாது. அதன் தரத்தையும் குறைக்கக் கூடாது.

ஒரு தொகுப்பின் விலைக்குள் ஏற்கெனவே அடங்கியுள்ள அம்சத்தை இலவசம் என்று குறிப்பிடக் கூடாது.

இவற்றுள் கடைசி விதியே கைப்பேசி இணையத் திட்டங்களுக்கு மிக நெருக்கமானதாகும். ஏனெனில் இன்றைய திட்டங்கள் பெரும்பாலும் தரவு, அழைப்பு, குறுஞ்செய்தி, ஓடிடி சந்தா ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளாகவே விற்கப்படுகின்றன.

ஓர் எளிய கணக்கு

விதி எவ்வாறு பொருந்துகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். ஒரு நிறுவனம் 28 நாள்களுக்கான இணையத் திட்டத்தை ரூ.300-க்கு விற்கிறது என்று கொள்வோம். அதே அளவு தரவும் அழைப்பு வசதியும் கொண்ட மற்றொரு திட்டத்தை, ‘ஓடிடி இலவசம்’ என்ற அறிவிப்புடன் ரூ.360-க்கு விற்கிறது.

இங்கு ஓடிடி சந்தாவின் உண்மையான விலை ரூ.60 ஆகும். 28 நாள் திட்டத்தைப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருப்பதால், ஓராண்டில் அந்த ‘இலவசத்திற்கு’ ரூ.780 செலவாகிறது. இத்தகைய சந்தாவை ‘திட்டத்தில் அடங்கியது’ என்று குறிப்பிடலாம். ‘இலவசம்’ என்று குறிப்பிடுவது வழிகாட்டுதல்களுக்கு முரணாகும்.

மாறாக, ரூ.300 திட்டத்தின் விலையையோ தரவின் அளவையோ மாற்றாமல், குறிப்பிட்ட காலத்திற்கு ஓடிடி சந்தா கூடுதலாக வழங்கப்பட்டால், அது சட்டம் அனுமதிக்கும் சலுகையாகிறது. அந்தக் காலம் முடிந்த பிறகு கட்டணம் தானாகவே பிடிக்கப்படுமா என்பது மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். சந்தாவை ரத்து செய்வதைக் கடினமாக்கும் ‘சந்தா பொறி’ முறை, 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட இணைய ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 முறைகளுள் ஒன்றாகும்.

ஜியோபோன் எழுப்பிய கேள்வி

இந்தியாவில் இந்த விவாதத்தை அதிகமானோரிடம் கொண்டு சென்ற சலுகை ஜியோபோன் ஆகும். 2017-ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசிய அதன் தலைவர் முகேஷ் அம்பானி, இந்தக் கைப்பேசியின் நடைமுறை விலை பூஜ்யம் என்று அறிவித்தார். வாடிக்கையாளர் ரூ.1,500 வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என்றும், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது திருப்பித் தரப்படும் என்றும் அப்போதே தெரிவிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 24 அன்று முன்பதிவு தொடங்கியது. விநியோகம் தொடங்கிய செப்டம்பர் இறுதியில் விரிவான நிபந்தனைகள் பொதுக் கவனத்திற்கு வந்தன. ஆண்டுக்குக் குறைந்தபட்சம் ரூ.1,500-க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு இது ரூ.4,500 ஆகும். இதை நிறைவேற்றாதவரிடமிருந்து கைப்பேசியைத் திரும்பப் பெறும் உரிமையை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொண்டது.

மாதந்தோறும் ரீசார்ஜ் செய்பவருக்கு இந்த நிபந்தனை பாரமாக இருந்திருக்காது. அப்போது அறிவிக்கப்பட்ட ரூ.153 திட்டத்தை 28 நாள்களுக்கு ஒரு முறை புதுப்பித்தாலே ஆண்டுச் செலவு ரூ.1,989 ஆகிவிடும். ஆனால் கூலி கிடைக்கும் மாதத்தில் மட்டும் ரீசார்ஜ் செய்பவரின் நிலை வேறு. ‘பூஜ்ய விலை’ என்ற சொல்லால் அதிகம் ஈர்க்கப்படுபவரும், நிபந்தனையால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவரும் ஒருவரே என்பதுதான் இத்தகைய சலுகைகளின் மையச் சிக்கலாகும்.

2022 வழிகாட்டுதல்கள் அப்போது நடைமுறையில் இல்லை. இன்று அதே போன்ற ஒரு சலுகை அறிவிக்கப்பட்டால், வாடிக்கையாளரின் கடப்பாடு எவ்வளவு என்பதை விளம்பரத்திலேயே தெளிவுபடுத்த வேண்டியிருக்கும்.

சிறிய எழுத்துகள் நிறுவனத்தைக் காப்பாற்றுமா?

நிபந்தனைகள் இணையதளத்தில் உள்ளன என்பதும், விளம்பரத்தின் அடியில் குறிப்பிடப்பட்டுள்ளன என்பதும் நிறுவனங்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதங்களாகும். பெரிய எழுத்தில் சொன்ன தவறான கூற்றைச் சிறிய எழுத்தில் திருத்திக்கொள்ள 2022 வழிகாட்டுதல்கள் இடமளிக்கவில்லை. மேலும், விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில், எந்த எழுத்துருவில் உள்ளதோ, அதே மொழியிலும் எழுத்துருவிலும் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. மலையாளத்திலோ தமிழிலோ இலவசத்தை அறிவித்துவிட்டு, நிபந்தனையை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடுவது இதற்கு முரணானது.

இந்த அணுகுமுறை 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வேறொரு துறையில் நடைமுறைப்படுத்தப்பட்டது. ஐந்து நிமிடங்களில் ஆட்டோ கிடைக்கும், இல்லையெனில் ரூ.50 பெறலாம் என்று விளம்பரம் செய்த ராபிடோ நிறுவனத்திற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. அந்த ரூ.50 பணமாக வழங்கப்படவில்லை, அதிகபட்சம் ரூ.50 மதிப்புள்ள ‘ராபிடோ காயின்’களாகவே வழங்கப்பட்டது. அவற்றை ஏழு நாள்களுக்குள், பைக் பயணத்திற்கு மட்டுமே பயன்படுத்த முடியும். இந்த நிபந்தனைகள் எளிதில் படிக்க முடியாத சிறிய எழுத்தில் இருந்ததை ஆணையம் சுட்டிக்காட்டியது.

இணையச் சேவை தொடர்பாக ஆஸ்திரேலியாவிலும் இதே கேள்வி எழுந்தது. மாதம் 29.99 டாலருக்கு அளவற்ற பிராட்பேண்ட் என்று டிபிஜி நிறுவனம் விளம்பரம் செய்தது. மேலும் 30 டாலர் செலுத்தி வீட்டுத் தொலைபேசி இணைப்பையும் பெற்றால் மட்டுமே அந்த விலை பொருந்தும் என்பது சிறிய எழுத்தில் இருந்தது. விளம்பரம் மனத்தில் பதிய வைக்கும் முதன்மைச் செய்தியே முக்கியம் என்ற அணுகுமுறையை ஏற்ற அந்நாட்டு உயர் நீதிமன்றம், 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதத்தை உறுதி செய்தது.

டிராய் அமைப்பின் பங்கு

கட்டணத் திட்டங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் (டிராய்) உள்ளது. தரவின் அளவு, வரம்பைக் கடந்த பின் விதிக்கப்படும் கட்டணம், வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், செல்லுபடிக் காலம், சிறப்பு நிபந்தனைகள் ஆகியவற்றை ஒவ்வொரு திட்டத்திற்கும் வெளிப்படையாக வெளியிடுமாறு 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று டிராய் உத்தரவிட்டது. எனினும், தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரித்துத் தீர்ப்பதில்லை.

கேரளத்தில் தொடங்கிய வழக்கு

அவ்வாறெனில் வாடிக்கையாளர் எங்கு செல்வது? இக்கேள்விக்கான விடை பல ஆண்டுகள் குழப்பத்தில் இருந்தது. அக்குழப்பத்திற்குக் காரணமான வழக்கு கேரளத்தில் தொடங்கியதாகும்.

தொலைபேசி இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு சந்தாதாரருக்குக் கோழிக்கோடு மாவட்ட நுகர்வோர் மன்றம் நிவாரணம் வழங்கியது. அதை எதிர்த்துத் தொலைத்தொடர்புத் துறை மேற்கொண்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவின் கீழ் நடுவர் மூலமே இத்தகைய தகராறுகள் தீர்க்கப்பட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் நுகர்வோர் மன்றங்களில் தொலைபேசி தொடர்பான புகார்களுக்குத் தடை ஏற்பட்டது.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில், நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. தொலைத்தொடர்புச் சேவை குறித்த புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பது இதன் மூலம் உறுதியானது.

புகார் அளிப்பது எவ்வாறு?

முதலில் சேவை நிறுவனத்தின் புகார் மையத்தில் புகாரைப் பதிவு செய்து, அதற்கான எண்ணைப் பெற வேண்டும். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் அளிக்க இயலும்.

இழப்பீடு கோருவோர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். மனுதாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், திருவனந்தபுரத்தில் இணைப்பைப் பெற்ற கன்னியாகுமரி மாவட்டவாசி, வழக்குக்காக எல்லை கடந்து செல்ல வேண்டியதில்லை.

மத்திய ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு முதல் முறை ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் தவறிழைத்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

விலையை யார் செலுத்துகிறார்?

முழுமையான பொருளில் இலவசமான இணையத்திற்கும் கேரளத்திலேயே எடுத்துக்காட்டு உள்ளது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் பினராயி விஜயன் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்த கே-ஃபோன் கண்ணாடியிழைத் திட்டத்தில், வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு அறிவிக்கப்பட்டது. முதற்கட்டமாக 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு 100 குடும்பங்கள் என 14,000 குடும்பங்கள் இலக்காகக் கொள்ளப்பட்டன. அங்கும் இணைப்புக்கு விலை உண்டு. அதைப் பயனாளி அல்லாமல் அரசு ஏற்கிறது.

வணிகச் சலுகைகளில் அவ்விலையை யார் ஏற்கிறார் என்பதை அறிய, சலுகை இல்லாத திட்டத்தின் விலையையும் சலுகையுள்ள திட்டத்தின் விலையையும், ஒரு மாதத்திற்கு அல்லாமல் ஒப்பந்தக் காலம் முழுமைக்கும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், அதுவே இலவசத்தின் விலை.

பணம் செலுத்துவதற்கு முன் விளம்பரத்தின் படத்தைச் சேமித்து வைப்பதும் அவசியமாகும். பண்டிகை முடிந்ததும் சுவரொட்டிகள் அகற்றப்படும், இணைய விளம்பரங்கள் மாற்றப்படும். பின்னர் ஆணையத்தின் முன் புகார்தாரர் காட்டக்கூடிய முதல் சான்று அந்தப் படமே ஆகும்.