மாதிரி ஹெலிகாப்டர் கவிழாமல் பறப்பது எப்படி?

சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. ஹெலிகாப்டரின் தலைமேல் சுழலும் இறக்கைகளும் அதை அவ்வாறே நிமிர்த்தி வைக்கும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் சற்றே சாய்ந்தாலும் அந்தப் பக்கமாக நகரத் தொடங்கும், தானாக நிமிராது. ஓட்டுபவர் இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். சிறிய மாதிரிகளிலோ இத்தடுமாற்றம் மிக விரைவாக நிகழும். தரையில் நின்று வானொலி மூலம் இயக்குபவர் சாய்வைக் கண்டு கையை அசைப்பதற்குள் மாதிரி விழுந்து நொறுங்கிவிடலாம்.

சாய்தட்டு

ஹெலிகாப்டர் எப்பக்கம் செல்லவேண்டுமோ, அப்பக்கம் இறக்கைகள் சுழலும் வட்டம் சாயவேண்டும். இதற்காகச் சுழலும் அச்சைச் சுற்றி 'ஸ்வாஷ் பிளேட்' எனப்படும் சாய்தட்டு உள்ளது. இதன் கீழ்த்தட்டு சுழலாது. மேல்தட்டு இறக்கைகளுடன் சுழலும். நடுவே பால் பேரிங். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால், ஒவ்வோர் இறக்கையும் ஒரே சுற்றுக்குள் ஒரு பக்கத்தில் கூடுதல் கோணத்தையும் எதிர்ப்பக்கத்தில் குறைந்த கோணத்தையும் பெறும்.

இங்கே ஒரு விந்தை! இறக்கை, கோணம் கூடிய இடத்தில் உயர்வதில்லை. ஏறக்குறைய கால் சுற்று கடந்தபின்தான் உயர்கிறது. மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் மாதிரியை முன்னே செலுத்த, வலப்பக்கத்தில் கோணத்தைக் கூட்டவேண்டும். அப்போது இறக்கை பின்பக்கத்தில் உயர, வட்டம் முன்னே சாய்கிறது. கழற்றிய சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்து, வேறொருவரைச் சுழற்றச் சொல்லி, அச்சைச் சாய்த்துப் பாருங்கள். சக்கரம் நீங்கள் தள்ளிய திசையில் போகாமல் வேறு திசையில் திரும்புவதை உணர்வீர்கள்.

நிலைநிறுத்தும் தண்டு

அமெரிக்கரான ஆர்தர் யங் 1930-களில் சிறு மாதிரிகளைக் கொண்டே ஆராய்ந்தார். இறக்கைகளுக்குக் குறுக்காக, இரு முனைகளிலும் எடை கொண்ட தண்டு ஒன்றைப் பொருத்தினார். அச்சுடன் சேர்ந்து சுழலும் இத்தண்டு ஏற்றப்பலகைபோல் அசையக்கூடியது. காற்று மோதி ஹெலிகாப்டர் சாய்ந்தாலும், தண்டு சிறிது நேரம் தன் பழைய தளத்திலேயே சுழல்கிறது. இவ்வேறுபாடு இணைப்புக் கம்பிகள் வழியாக இறக்கைகளின் கோணத்தை மாற்றிச் சாய்வை எதிர்க்கிறது. இத்தண்டு பொருத்தப்பட்ட பெல்-47 ஹெலிகாப்டர் 1946 மார்ச் 8-ல் அமெரிக்க அரசின் பொதுப் பயன்பாட்டுச் சான்று பெற்றது.

ஸ்டான்லி ஹில்லர் என்பவர் வேறொரு வழி கண்டார். தண்டின் முனைகளில் சிறு துடுப்புகளை வைத்தார். ஓட்டுபவர் துடுப்பைத் திருப்பினால் போதும். காற்றின் விசையே தண்டைச் சாய்க்க, தண்டு இறக்கைகளை இயக்கும். எனவே குறைந்த விசையே தேவைப்பட்டது. சிறு மோட்டார்களால் இயங்கும் மாதிரிகளுக்கு இது பெரும் உதவி. இரு முறைகளையும் இணைத்த அமைப்பே பின்னர் மாதிரிகளில் பரவியது.

இன்று

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும்பாலான மாதிரிகளிலிருந்து இத்தண்டு மறைந்தது. திரும்பும் வேகத்தை அளக்கும் நுண்ணிய மின்னணு உணர்விகள், ஒரு நொடிக்குள் பல முறை சாய்தட்டைத் திருத்துகின்றன. உடல் எதிர்த்திசையில் சுழன்றுவிடாமல் காக்கும் வால் இறக்கைகளையும் அவையே சீர்செய்கின்றன.

ஆயினும் யங்கின் தண்டை நீங்கள் இன்றும் காணலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்ட பொம்மை ஹெலிகாப்டர் கிடைத்தால், அதன் உச்சியைப் பாருங்கள். பெரும்பாலும் எடை வைத்த சிறு தண்டு ஒன்று அங்கிருக்கும். பொம்மை நின்றிருக்கும்போது தண்டை விரலால் மெல்லச் சாய்த்தால், மேல் இறக்கைகளின் கோணம் மாறுவது தெரியும்.