மியூனிக் நகராட்சியும் லினக்ஸும்

கணிப்பொறி தானாக எதனையும் செய்யும் ஆற்றல் உடையதன்று. விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற வேண்டும். எழுதிய கடிதம் நினைவகத்தில் தன் இடத்திற் சென்று அமர வேண்டும். அச்சுப்பொறி உரிய நேரத்தில் இயங்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். ஏனைய மென்பொருள்கள் யாவும் அதன்மேல் நின்றே தொழிற்படுகின்றன. ஆகவே இயங்குதளத்தை மாற்றுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலையன்று. குடியிருப்போர் உள்ளே இருக்கும்போதே அடித்தளத்தைப் பெயர்த்து வேறொன்று அமைப்பதை ஒக்கும். ஐரோப்பாவில் ஒரு பெருநகராட்சி அதனைச் செய்யத் துணிந்தது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

அதற்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். மென்பொருளை ஆக்குவோர் அதனை முதலில் மனிதர் படித்தறியத்தக்க வரிகளாகவே எழுதுகின்றனர். அவ்வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களுட் பெரும்பாலானவற்றில் நம் கைக்கு வருவது அவ்வெண் வடிவமே. மூலநிரலை ஆக்கிய நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மருத்துவர் ஒருவர் சூரணப் பொட்டலத்தைத் தந்து, அதிற் சேர்ந்த சரக்குகளைச் சொல்ல மறுப்பது போன்றது இது. மருந்து நன்றாகவே வேலை செய்யலாம். ஆயினும் தேவைப்படும்போதெல்லாம் அவரிடமே செல்ல வேண்டும். அவர் கேட்கும் விலையைத் தர வேண்டும். அவர் அம்மருந்தைச் செய்வதை நிறுத்திவிட்டால் நோயாளி செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு மாறான வழியும் உண்டு. மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பர். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் இத்தகைய இயங்குதளம் ஒன்றை ஆக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1991இல், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு வேண்டிய மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். உலகெங்குமுள்ள பல்லாயிரவர் அதனைச் செப்பனிட்டு வளர்த்தனர்.

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள பவேரிய மாநிலத்தின் தலைநகர் மியூனிக். அதன் நகராட்சி அலுவலகங்களில் சுமார் 14,000 கணிப்பொறிகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. என்னும் இயங்குதளத்தில் இயங்கின. அதற்குரிய பராமரிப்பை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. நகராட்சிக்கு வேண்டியிருந்ததோ இல்லையோ, பெருஞ்செலவு செய்து மாறியே தீர வேண்டிய நிலை ஏற்பட்டது. மாறத்தான் வேண்டுமெனில் எதற்கு மாறுவது என்ற வினா அப்போது எழுந்தது.

லினக்ஸைப் பற்றிய பேச்சு மன்றத்தில் அடிபடுவதை அறிந்த மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர், 2003ஆம் ஆண்டில் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மியூனிக் வந்து, மேயர் கிறிஸ்டியன் ஊடேயை நேரிற் கண்டார். விலையும் பெரிதும் குறைக்கப்பட்டது. குறைத்த பின்னர் கணக்கிட்டபோது மைக்ரோசாப்டோடு தொடர்வதே மலிவு என்றாயிற்று. எனினும் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் நகர மன்றம் லினக்ஸையே தேர்ந்தெடுத்தது. இதனை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளைக் காசு மிச்சமாவதற்காகவே அரசுகள் நாடுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். மியூனிக் மன்றம் விலை கூடிய வழியையே விரும்பி ஏற்றது. பிறப்புப் பதிவும் வரிக்கணக்கும் கட்டட அனுமதியும் நகரமக்களின் ஏடுகள். அவற்றைத் திறக்கும் திறவுகோல் ஒரே வணிகரிடம் இருத்தல் தகாது என்பதே அதன் கருத்து.

முடிவு செய்வது எளிதாயிருந்தது. செய்து முடிப்பதோ எளிதாயில்லை. அந்நகராட்சியில் ஏறத்தாழ இருபது கணிப்பொறிப் பிரிவுகள் தனித்தனியே இயங்கி வந்தன. ஒன்றில் இருந்த ஏற்பாடு மற்றொன்றில் இல்லை. எத்தனை மென்பொருள்கள் வழக்கத்தில் உள்ளன என்பதையே முதலிற் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. அவற்றுட் பல விண்டோஸில் மட்டுமே இயங்குவன. இவற்றினும் பெரிய இடர் ஒன்று, எவரும் பொருட்படுத்தாத இடத்தில் ஒளிந்திருந்தது. ஒவ்வோர் அலுவலரும் கடிதத்திற்கும் அறிவிப்புக்கும் சான்றிதழுக்கும் தத்தம் வசதிக்கேற்ப அச்சுப்படிவங்களைக் கணிப்பொறியில் அமைத்து வைத்திருந்தனர். பெயரை இட்டால் முகவரி தானே வந்து விழும். தொகையை இட்டால் வரி தானே கணக்காகும். இத்தகைய படிவங்கள் பல்லாயிரம் இருந்தன. பழைய மென்பொருளின் தனிமொழியில் அமைந்த அவை புதியதில் வேலை செய்யவில்லை.

நகராட்சியின் பொறியாளர்கள் அப்படிவங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஒரே பணிக்குப் பத்துப் படிவங்கள் இருந்த இடத்தில் ஒன்றை வைத்தனர். அவற்றை ஆள்வதற்கென வோல்மக்ஸ் என்னும் கருவியைத் தாமே எழுதினர். அதனையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் 2008இல் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு அளித்தனர். கணிப்பொறிகளை மாற்றும் வேலை 2006இல் தொடங்கிச் சிறிது சிறிதாக நடந்து 2013இன் இறுதியில் நிறைவுற்றது. அப்போது ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் லிமக்ஸ் என்னும் அந்நகரின் சொந்த லினக்ஸ் வடிவத்தில் இயங்கின. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாயிற்று என்று நகராட்சி கூறியது. மைக்ரோசாப்ட் தன் பொருட்டு நடத்துவித்த ஆய்வொன்று அதனை மறுத்தது. கணக்கில் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுப்பது என்பதைப் பொறுத்து இத்தகைய தொகைகள் கூடும், குறையும். அவ்வழக்கை இங்கு நாம் தீர்க்க வேண்டுவதில்லை.

பத்தாண்டு உழைப்பு நிலைத்திருக்கும் என்றே எல்லாரும் எண்ணினர். 2014இல் மேயர் மாறினார். புதிய மேயரான டீட்டர் ரைட்டர் லினக்ஸில் நாட்டமுடையவர் அல்லர். பிற அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்கள் வரிசை குலைந்து திறக்கின்றன, வேலை தாமதமாகிறது என்று அலுவலரிடையே முறையீடுகள் எழுந்தன. இவற்றுட் சில உண்மையானவை. சில, அச்சுப்பொறியோ வலையமைப்போ பழுதுற்றதால் நேர்ந்தவை; ஆயினும் பழி லினக்ஸின்மீதே விழுந்தது. சிதறுண்டு கிடந்த நிர்வாக அமைப்பே பெருங்குறை என்று நகராட்சி அமர்த்திய ஆய்வாளரும் சுட்டினர். எனினும் 2017ஆம் ஆண்டு நவம்பரில் மன்றம் விண்டோஸுக்கே மீளத் தீர்மானித்தது. பொறியாளர் அமைத்த தளத்தில் பெரும்பிழை எதுவும் காணப்படவில்லை; அதனைத் தாங்கி நின்ற மன்ற ஆதரவே விலகிவிட்டது. 2020இல் அமைந்த புதிய கூட்டணி, மக்கள் பணத்தில் ஆக்கப்படும் மென்பொருள் கூடுமானவரை மக்களுக்கே திறந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை ஏற்றது.

மியூனிக்கின் கதையை மட்டும் கேட்போர் இம்முயற்சி எங்கும் ஈடேறாது என்று முடிவு கட்டிவிடுவர். பிரான்சு நாட்டின் ழாந்தார்மெரி என்னும் காவற்படை அதற்கு மறுமொழியாக நிற்கிறது. அப்படையினர் இயங்குதளத்தில் முதலிற் கைவைக்கவில்லை. 2005 அளவில் கடிதம் எழுதும் மென்பொருளை மட்டும் மாற்றினர். மறு ஆண்டு இணைய உலாவியையும் அஞ்சல் மென்பொருளையும் மாற்றினர். அவை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல் இயங்குவன. மூன்றாண்டு பழகிய பின், 2008இல் இயங்குதளத்தை மாற்றத் தொடங்கியபோது, காவலர் நாள்தோறும் கையாளும் கருவிகள் யாவும் முன்போலவே இருந்தன. திரையிலுள்ள சிறு படங்களும் விளையாட்டுகளுமே மாறின. விளையாட்டு எங்கள் பணியன்று என்று அப்படையின் அதிகாரி ஒருவர் நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். 2014 அளவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அங்கு மாறிவிட்டன.

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதூரா மாநிலம் இன்னொரு நோக்கத்தோடு 2002இல் இத்துறையில் இறங்கியது. செல்வவளம் குறைந்த அம்மாநிலம், பள்ளிகளில் இரு மாணவர்க்கு ஒரு கணிப்பொறி வைக்க விரும்பியது. உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸினாலேயே அது கைகூடிற்று. படம் வரையும் மென்பொருளுக்கு அம்மண்ணிற் பிறந்த ஓவியர் சுர்பரானின் பெயரைச் சூட்டினர். மூலநிரல் கையில் இருந்தமையால் மாணவர்க்குக் கணிப்பொறியைத் தம் ஊர்ப் பொருளாகவே ஆக்கித்தர முடிந்தது.

அண்மையில் ஜெர்மனியின் வடகோடியிலுள்ள சிலேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்பணியை மேற்கொண்டுள்ளது. ஏறத்தாழ 30,000 அரசுக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் அமைச்சரவை முடிவு செய்தது. 2025 அக்டோபருக்குள் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சற்பெட்டிகள் புதிய ஏற்பாட்டுக்கு வந்துவிட்டன. இடையில் கடிதங்கள் வரத் தாமதமாவதாக ஊழியர் முறையிட்டனர்; அமைச்சர் டிர்க் ஷ்ரோட்டர் குறைகளை ஒப்புக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். எழுத்துப்பணியும் அஞ்சலும் முதலில், இயங்குதளம் இறுதியில் என்பது அம்மாநிலம் வகுத்துக்கொண்ட வரிசை. பிரெஞ்சுக் காவற்படை சென்ற வழியும் அதுவே.