ஈரத்துணி காவல் காக்காது

கருங்குழிக்காரர்கள் அறுவை சிகிச்சை என்றால் மதுராந்தகம் அரசு மருத்துவமனைக்கோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, தனியாரிடமோ போகிறார்கள். எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று விசாரிப்பவர்கள்கூட, உடம்பின் மேல் போர்த்தப்போகும் பச்சைத் துணியைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அறுக்கும் இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடும் விரிப்பும், டாக்டர் அணியும் கவுனும் காயத்துக்குள் கிருமி போகாமல் தடுக்கின்றன. நோயாளியின் ரத்தம் நர்ஸ் மேலும் டாக்டர் மேலும் ஊறாமலும் காக்கின்றன. சாதாரணப் பருத்தித் துணி காய்ந்திருக்கும்வரைதான் இதைச் செய்யும். ரத்தமோ சலைனோ பட்டதும், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல ஈரத்தை மறுபக்கத்துக்கு இழுக்கும். கிருமியும் கூடவே வரும். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பெக் 1952-லேயே இதை எச்சரித்தார். 'ஆட்டோகிளேவில் வைத்த துணிதானே' என்பது போதாது. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவி துணியில் ஏற்கெனவே இருக்கும் கிருமியைக் கொல்லும். நனைந்தபின் ஊடுருவுவதை அது என்ன செய்யும்?

அதற்காக, ஒருமுறை போர்த்தி எறியும் விரிப்பை வாங்கச் சொல்லி ஏழையின் பில்லை ஏற்றலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல், துவைத்துப் பயன்படுத்தும் நெய்த துணி, எறியும் துணி இரண்டையுமே ஏற்கிறது; தோலில் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தைத் தொற்றுத் தடுப்புக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆகவே விலையை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. திரவம் ஊடுருவாத நெசவா, ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் கிழிசலும் தேய்மானமும் பார்க்கப்படுகிறதா என்பதே விஷயம். இந்த விரிப்புகளுக்கும் கவுன்களுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2019-ல் ஐ.எஸ். 17334 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அறுவை செய்துகொள்பவர்களில் 100-க்குச் சுமார் 11 பேருக்குத் தொற்று வருகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்குச் சீழ் பிடித்தால், விரிப்பில் மிச்சம் பிடித்த காசு ஒரு வாரச் சம்பள இழப்புக்குக் காணாது.

தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொற்று 30 நாள் வரையும், உள்ளே உலோகத் தகடு (பிளேட்) போன்றவை வைத்திருந்தால் 90 நாள் வரையும் தலைகாட்டலாம். ஆனால், தொற்று வந்துவிட்டதாலேயே அலட்சியம் நிரூபணமாகிவிடாது; கட்டுப்படுத்த முடியாத காரணங்களும் உண்டு. அதனால்தான் ஆவணம் முக்கியம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். தனியாரைப் பற்றி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம். செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். சிகிச்சைக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் அந்தச் சிகிச்சை நுகர்வோர் சட்டப்படி சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் அத்தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே டீனிடமோ கண்காணிப்பாளரிடமோ எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.