சாரணர் முகாமில் போஜன ஏற்பாடு

1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்திலுள்ள பிரௌன்ஸீ தீவில் பேடன் பவல் என்பார் சிறுவர்களைக் கூட்டி நடத்திய முகாமே சாரணர் இயக்கத்திற்கு வித்தாயிற்று. அதுமுதல் முகாம் வாசம் சாரணர் பயிற்சியின் முக்கிய அங்கமாக இருந்து வருகின்றது. கிராமத்துச் சிறுவர் முகாம் செல்லுங்கால், அவர்களுக்கு வேண்டிய பலசரக்கைக் கூட்டுறவுச் சங்கத்தார் சேகரித்துக் கொடுப்பது பேருதவியாகும். அங்ஙனம் உதவும் அங்கத்தினர் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வீட்டில் உணவு கெட்டால் சிலரே வருந்துவர்; முகாமிலோ ஒரே அண்டாவில் உண்ணும் அனைவரும் ஒருங்கே நோயுறுவர்.

முதலாவது, உண்பவர் தொகையையும் வேளைகளையும் காகிதத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும். முப்பது பேருள்ள முகாமில், ஒரு வேளைச் சாப்பாட்டிற்கு ஆளுக்கு 150 கிராம் வீதம் அரிசி 4½ கிலோவும், 40 கிராம் வீதம் துவரம்பருப்பு 1 கிலோ 200 கிராமும், 125 கிராம் வீதம் காய்கறி 3¾ கிலோவும் கணக்கிடலாம். காலை உப்புமாவிற்கு ஆளுக்கு 80 கிராம் வீதம் ரவை 2 கிலோ 400 கிராம் வேண்டும். அரிசியிற் குறைவாயுள்ள புரதச் சத்தைப் பருப்பு ஈடுசெய்வதால், செலவைக் கருதிப் பருப்பைக் குறைத்தலாகாது. விரைவில் வாடும் கீரை, தக்காளி முதலியவற்றை முதல் நாளிலும், பூசணி, சேனை முதலியவற்றைப் பின் நாட்களிலும் சமைப்பது நலம். நெடுந்தூரம் நடக்கும் நாளில் வேர்க்கடலையும் வெல்லமும் வாழைப்பழமும் அடுப்பின்றியே பலமளிக்கும்.

இரண்டாவது, சோற்றை அந்தந்த வேளைக்கே வடித்தல் வேண்டும். அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதி நீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் நீங்குவதில்லை. வீட்டில் பழைய சோறு உண்கிறோமே என்று சிலர் வினவலாம். வீட்டில் எஞ்சும் சோறு சிறிதளவே, நீரூற்றியவுடன் ஆறிவிடும். அண்டாவின் நடுவிலுள்ள சோறோ பல மணி நேரம் சூடு தணியாதிருக்கும். ஆதலின் இரவில் மிஞ்சியதை மறுநாள் சிறுவர்க்கு இடலாகாது.

மூன்றாவது, குடிக்கும் ஜலத்தை நன்கு கொதிக்கவைத்து ஆற்றி, மூடி வைத்தல் வேண்டும். சமைப்போரும் பரிமாறுவோரும் சோப்பிட்டுக் கை கழுவுதல் அவசியம். வயிற்றுப்போக்குள்ளவரை அடுப்பண்டை விடலாகாது. வாடகைக்கு வாங்கும் பித்தளைப் பாத்திரங்களில் ஈயப்பூச்சு தேய்ந்திருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பூச்சற்ற பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு கரைந்து வாந்தியை உண்டாக்கும்.

முகாமில் பண்டம் போதாமற் போகலாகாதென்று சிறிது மிகுதியாக அனுப்புவது தகும். ஆனால் அம்மிகுதி மூட்டையில் இருத்தல் வேண்டுமேயன்றி அண்டாவில் இருத்தல் ஆகாது. மிஞ்சிய அரிசி சங்கக் கிடங்கிற்குத் திரும்பி வரும். மிஞ்சிய சோறோ பணத்திற்கும் நஷ்டம், சிறுவர் தேகத்திற்கும் தீங்கு.